16 கடல் மைல் வேகக் கப்பல் நீர்மூழ்கிக்கு என்ன செய்யும்? ஃபிளவர் வகைக் கொர்வெட் பற்றி ஒரு விவாதம்

2024 ஏப்ரல் 6, ஒரு வாசகரின் கேள்வி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் கனடாவும் நூற்றுக்கணக்கில் கட்டிய ஃபிளவர் வகைக் கொர்வெட் கப்பல்களின் உச்ச வேகம் மணிக்கு 16 கடல் மைல். நீர்மேல் ஓடும் ஜேர்மன் ஏழாம் வகை நீர்மூழ்கி 17ஐத் தாண்டிப் போகும். துரத்திப் பிடிக்கவே முடியாத காவல் கப்பலை ஏன் இத்தனை கட்டினார்கள்? வடிவமைப்பிலேயே தோற்ற கப்பல் இது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

ஏப்ரல் 6, இரவு

மறுக்கிறேன். காவல் கப்பலின் வேலை துரத்துவது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது, தம்பி.

தொடரணியில், அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களின் வேகத்தைப் பாருங்கள். மெதுவான தொடரணி மணிக்கு 7 கடல் மைல், விரைவானது 9 அல்லது 10. அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட 16 போதும். நீர்மூழ்கி மேலே இருக்கும்வரைதான் 17. தண்ணீருக்குள் போய்விட்டால் மின்கலத்தில்தான் ஓடவேண்டும். உச்சமாக 7, 8 கடல் மைல் ஓடலாம், அதுவும் ஒரு மணி நேரம்போல. மின்கலத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் நடை வேகம்தான். கொர்வெட் ஒன்று வந்து அதை உள்ளே அமுக்கி வைத்திருந்தால் போதும், தொடரணி கைக்கெட்டாத தூரம் போய்விடும். மூழ்கடித்தால் இலாபம். மூழ்கடிக்காவிட்டாலும் வேலை நடந்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு கடல் மைல் வித்தியாசம் வலித்தது உண்மை. இரவில் தாக்கிவிட்டு மேலேயே ஓடித் தப்பும் நீர்மூழ்கியைக் கொர்வெட் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. வேட்டைக்காகத் தொடரணியை விட்டுப் பின்தங்கிய கொர்வெட் மறுபடி வந்து சேர அரை நாள்கூட ஆகும். அந்த நேரத்தில் ஒரு பக்கம் காவலின்றித் திறந்து கிடக்கும். இதை நான் மறைக்கவில்லை.

ஏப்ரல் 7

வடிவமைப்பு என்று பேசுவதானால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். இங்கிலாந்தின் வடகிழக்கில், மிடில்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் ஸ்மித்ஸ் டொக் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் இருந்தது. அங்கே வடிவமைப்பாளராக இருந்தவர் வில்லியம் ரீட். அவர்கள் 1936இல் சதர்ன் பிரைட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலைக் கட்டியிருந்தார்கள். 1939இல் மலிவாகவும் விரைவாகவும் கட்டக்கூடிய காவல் கப்பல் வேண்டுமென்று கடற்படை தேடியபோது ரீட் அந்தத் திமிங்கில வேட்டைக் கப்பலை நீட்டிக் கொடுத்தார். கரையோரக் காவலுக்குத்தான் கேட்டார்கள். இதை மறக்காமல் வாசியுங்கள், பின்னால் வரும் துன்பமெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

திமிங்கில வேட்டைக் கப்பல் என்றால் சட்டென்று திரும்பவேண்டும், எந்தக் கடலிலும் மிதக்கவேண்டும், மூழ்கி மூழ்கி எழும் ஒன்றை விடாமல் பின்தொடரவேண்டும். நீர்மூழ்கி வேட்டைக்குக் கேட்டதும் அதேதான். 205 அடி நீளம், 33 அடி அகலம், 900 தொன் சொச்சம் எடை. ஒரே ஒரு உந்துவிசிறி. முன்னால் 4 அங்குலப் பீரங்கி ஒன்று, பின்னால் நீருக்குள் குறித்த ஆழத்தில் வெடிக்கும் ஆழக்குண்டுகள். அவ்வளவுதான். நாசகாரி (டெஸ்ட்ரோயர்) போல வேகமில்லை, ஆனால் நாசகாரியால் திரும்ப முடியாத வட்டத்தில் திரும்பும்.

எஞ்சின் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச எனக்கு உரிமை உண்டு. வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்தவன் நான். கொர்வெட்டில் இருந்தது மும்முறை விரிவு நீராவி எஞ்சின், 2,750 குதிரைவலு. நீராவி ஒரு உருளையில் விரிந்து, மிச்ச அழுத்தத்தோடு அடுத்த பெரிய உருளைக்குப் போய், அங்கிருந்து கடைசியாக இன்னும் இரண்டுக்குப் பிரிந்து போகும். அழுத்தத்தைத் துளித்துளியாக உறிஞ்சும் ஏற்பாடு. கொதிகலன்கள் பழைய ஸ்கொட்ச் வகை. 1939இல் இது பழசு. நாசகாரிகளில் நீராவிச் சுழலியும் பல்சக்கரப் பெட்டியும் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

பழசைத்தான் வேண்டுமென்றே எடுத்தார்கள். சுழலியின் பல்சக்கரத்தை வெட்டத் தெரிந்த தொழிற்சாலைகள் சில மட்டுமே. அவை நாசகாரிகளுக்கே போதாது. மும்முறை விரிவு எஞ்சினை இரயில் எஞ்சின் செய்கிறவனும் செய்வான். ஓட்டவும் அப்படித்தான். எனக்குத் தொழில் பழக்கிய தலைமைப் பொறியாளர் இளவயதில் இந்த வகை எஞ்சினில் வேலை பார்த்தவர். தண்டுகளும் தாங்கிகளும் திறந்தபடி கண்முன்னே சுற்றும், ஓடும்போதே தாளத்துக்குக் கையை நீட்டித் தொட்டுச் சூடு பார்ப்போம் என்பார். மீன்பிடிக் கப்பலிலிருந்தும் சரக்குக் கப்பலிலிருந்தும் வந்த சேமப்படை ஆட்கள் முதல் நாளே இதை ஓட்டினார்கள். புது ஆட்களைத் திரட்டிப் போருக்குப் போகும் ஒரு கடற்படைக்கு இதைவிட நல்ல எஞ்சின் எது?

ஏப்ரல் 7, பிற்பகல்

"மொத்தம் ஒரு நூறு கட்டியிருப்பார்களா?" என்று கேட்ட அண்ணைக்கு: பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து கட்டியது 250ஐத் தாண்டும். கனடியக் கடற்படையில் மட்டும் 123 கொர்வெட்டுகள் பணியாற்றின. பிரான்ஸும் இதே வகைக்குக் கட்டளை கொடுத்திருந்தது. 1940இல் பிரான்ஸ் விழுந்தபோது அங்கே பாதி கட்டிக் கிடந்த சிலவற்றை ஜேர்மனியர்கள் கைப்பற்றித் தங்களுக்காகக் கட்டி முடித்தார்கள்.

ஏப்ரல் 9

கப்பலில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

கரையோரக் காவலுக்கு வரைந்த கப்பலை 1940 முடியுமுன்பே வட அத்திலாந்திக் நடுக்கடலுக்கு அனுப்பினார்கள். வேறு கப்பல் இல்லை. வரைபடத்தில் 50 பேருக்கும் குறைவாக இருந்த இடத்தில் 85 பேர், பின்னால் இன்னும் அதிகம். ராடார் வந்தால் அதை இயக்க ஆள், கூடுதல் ஆழக்குண்டு வந்தால் அதற்கு ஆள், விமான எதிர்ப்புத் துப்பாக்கி வந்தால் அதற்கு ஆள். உடம்பு மட்டும் அதே 205 அடி.

மாலுமிகளின் வசிப்பிடம் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், முக்கோணமாகக் குறுகிப் போகும் இடத்தில். கப்பலில் மிக அதிகமாக எழுந்து விழும் இடம் அதுதான். முதல் கப்பல்களில் முன்பக்கத்து உயர்ந்த தளம், கப்பலை நடத்தும் மேடையான பாலத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதற்குப் பின்னால் ஒரு பள்ளம். அலை ஏறினால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் விழும். சமையலறை பின்பக்கம். சமைத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு திறந்த தளத்தில் அந்தப் பள்ளத்தைக் கடந்து முன்னால் வரவேண்டும். பாதி நாள் சாப்பாடு கடலுக்குப் போகும், மீதி நாள் உப்புத் தண்ணீரோடு வரும். சில நாளிலேயே பாண் பூசணம் பிடித்துவிடும். பிறகு தகர மாட்டிறைச்சியும் கடின பிஸ்கட்டும். இரும்புச் சுவரில் மூச்சுக்காற்று நீராக வழிந்து படுக்கையில் சொட்டும். கரைக்கு வரும்வரை உடுப்பு காயாது.

"ஈரப் புல்லில் விட்டாலும் கொர்வெட் உருளும்" என்று மாலுமிகள் சொல்வார்கள். ஒரு ஜனவரியில் நான் இருந்த சரக்குக் கப்பல் ரொட்டர்டாமிலிருந்து மொன்றியல் பக்கம் வந்தது. கொர்வெட்டைப் போலப் பல மடங்கு பெரிய கப்பல். அதிலேயே தூக்கம் என்பது கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பதுதான். சுவரில் கால் வைத்து நடந்தோம் என்று சொன்னால் மிகையில்லை. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த பையன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதான். எங்களை யாரும் டோர்பிடோ கொண்டு தேடவில்லை. சுடச்சுடச் சோறு கிடைத்தது. 1941இல் அந்தப் பிள்ளைகள் இதே கடலில் நான்கு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு என்று இரண்டு மூன்று வாரம் போனார்கள். பலருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. கனடாவின் உட்புறக் கோதுமை வயல்களிலிருந்து வந்து கடலையே அப்போதுதான் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

பின்னால் முன்தளத்தைப் பாலத்துக்குப் பின்னால்வரை நீட்டினார்கள். பள்ளம் மூடியது, இடமும் கிடைத்தது. கப்பலின் அடிவயிற்றில் பக்கத் தகடுகளை அகலமாக்கி உருளலைக் கொஞ்சம் குறைத்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு இது முதலில் வந்தது. கனடியக் கப்பல்களில் பல 1943 வரை பழைய உடம்போடுதான் ஓடின.

ஏப்ரல் 10

சரி, பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒரு அக்கா ஆசையாகக் கேட்டிருக்கிறார். பிரிட்டன் பூக்களின் பெயரை வைத்தது: கிளேடியோலஸ், சன்ஃபிளவர், மேரிகோல்ட், புளூபெல், ஹொலிஹொக், ஸ்னோஃபிளேக். மேரிகோல்ட் 1941 நவம்பரில் ஜிப்ரால்டர் பக்கம் யூ-433 என்ற ஜேர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. ஒரு நீர்மூழ்கித் தளபதி சாமந்திப்பூவிடம் தோற்றேன் என்று ஊருக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தால் எப்படி எழுதுவார் என்று நினைத்து நான் சிரித்ததுண்டு. கனடா ஊர்ப் பெயர்களை வைத்தது: மூஸ் ஜோ, ஷாம்பிளி, ஓக்வில், சாக்வில். பல ஊர்க்காரர்கள் தங்கள் பெயர் கொண்ட கப்பலுக்குக் கம்பளிக் காலுறையும் இனிப்பும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 13

"பெரிய கப்பலாகவே கட்டியிருக்கலாமே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒன்ராறியோவில் இருப்பவர்கள் ஒரு நாள் கொலிங்வுட் பக்கம் போய்ப் பாருங்கள். ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவில் இருக்கிற ஊர். கடல் எங்கே, ஊர் எங்கே! அங்கே கொர்வெட் கட்டினார்கள். மிட்லண்டில் கட்டினார்கள். கிங்ஸ்டனில் கட்டினார்கள். சுப்பீரியர் ஏரிக்கரையில் போர்ட் ஆர்தரில், அதாவது இன்றைய தண்டர் பேயில், கண்டத்தின் வயிற்றுக்குள் கட்டினார்கள்.

அங்கிருந்து கடலுக்கு வர சென் லோரன்ஸ் நதியின் கால்வாய்களைத் தாண்டவேண்டும். இப்போதிருக்கும் பெரிய நீர்வழி 1959இல் திறந்தது. அதற்கு முன்பிருந்த பழைய மதகுப்பெட்டிகள் சின்னவை. 205 அடிக் கொர்வெட் அதற்குள் அடங்கும். பின்னால் வந்த 301 அடி ஃபிரிகேட் என்ற பெரிய காவல் கப்பல் அடங்காது. அதனால் ஃபிரிகேட்டுகளை மொன்றியலிலும் அதற்குக் கீழே நதிக்கரையிலும் மேற்குக் கரையிலும்தான் கட்ட முடிந்தது. பெரிய கப்பலாகவே கட்டுவோம் என்று 1940இல் முடிவெடுத்திருந்தால் ஏரிக்கரையின் அத்தனை பட்டறைகளும் சும்மா கிடந்திருக்கும்.

என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். வடிவமைப்பு என்பது கடலில் ஓடும் கப்பலுக்கு மட்டும் உரியதல்ல. அதைக் கட்டும் பட்டறை, அதைத் தட்டும் ஆள், அது கடலுக்கு வரும் வழி எல்லாம் சேர்ந்ததுதான் வடிவமைப்பு. ரீட் ஒரு போர்க்கப்பலை வரையவில்லை. போர்க்கப்பலே கட்டாத பட்டறைகளால் கட்ட முடிந்த ஒன்றை வரைந்தார். 1939இல் கனடியக் கடற்படையின் நிரந்தர ஆட்கள் 2,000 பேரைத் தொடவில்லை, நாசகாரிகள் ஆறு. போர் முடியும்போது ஒரு இலட்சம் பேர்வரை பணியாற்றியிருந்தார்கள். அந்தப் பெருக்கத்துக்குப் படிக்கட்டு கொர்வெட்தான்.

ஏப்ரல் 14

எண்ணிக்கை எல்லாம் சரி, அவை போரிட்டதா என்று கேட்கிறார் தம்பி. நியாயமான கேள்வி.

1941 செப்டெம்பர். எஸ்சி 42 என்ற மெதுவான தொடரணி, 60க்கு மேல் சரக்குக் கப்பல்கள், கிரீன்லாந்துக்குப் பக்கத்தில். காவலுக்கு ஸ்கீனா என்ற ஒரு கனடிய நாசகாரியும் மூன்று கொர்வெட்டுகளும். ஓநாய்க் கூட்டம்போல நீர்மூழ்கிகள் சூழ்ந்தன. 16 கப்பல்கள் போயின. பயிற்சி ஓட்டத்தில் இருந்த ஷாம்பிளி, மூஸ் ஜோ இரண்டும் உதவிக்கு ஓடிவந்து வந்த இரவே யூ-501ஐப் பிடித்தன. ஷாம்பிளியின் ஆழக்குண்டுகளில் அது மேலே வந்தது. மூஸ் ஜோ பக்கத்தில் வந்தபோது நீர்மூழ்கியின் தளபதி தன் ஆட்களை விட்டுவிட்டு மூஸ் ஜோவின் தளத்துக்குத் தாவிவிட்டார். ஷாம்பிளியின் ஆட்கள் நீர்மூழ்கிமேல் ஏறினார்கள். ஏறியவர்களில் ஒருவர் அதோடு மூழ்கிப்போனார். ஜேர்மன் நீர்மூழ்கிகளுக்கு எதிராகக் கனடியக் கடற்படைக்கு அது முதல் வெற்றி.

வெற்றியைவிட அந்த 16 கப்பல்கள்தான் எனக்கு உறைக்கிறது. இரவில் நீர்மேல் வரும் நீர்மூழ்கியைக் காண அவர்களிடம் கண்ணைத் தவிர எதுவும் இல்லை. அஸ்டிக் ஒலிக்கருவி நீருக்குள் இருப்பதைத்தான் கேட்கும். தீர்வு வந்துகொண்டிருந்தது. 1941 மார்ச்சில் ஓர்க்கிஸ் என்ற கொர்வெட்டில் 271 வகை ராடாரைப் பொருத்திச் சோதித்தார்கள். 10 சென்ரிமீற்றர் அலை, கும்மிருட்டிலும் நீர்மூழ்கியின் கோபுரத்தைக் காட்டிக்கொடுத்தது. அத்தனை பெரிய மாற்றத்தை முதலில் தாங்கியது ஒரு பெரிய போர்க்கப்பல் அல்ல, ஒரு பூக்கப்பல். ஆனால் கனடியக் கொர்வெட்டுகளுக்கு அது போய்ச் சேரத் தாமதமானது. அவர்களிடம் இருந்தது ஒன்றரை மீற்றர் அலையில் இயங்கும் உள்ளூர் ராடார். அது கோபுரத்தைப் பார்த்ததைவிடப் பார்க்காததே அதிகம்.

ஏப்ரல் 14, பின்னிரவு

அஸ்டிக்கைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கப்பல் நீர்மூழ்கியை நெருங்க நெருங்க ஒலிக்கற்றை அதன் தலைக்கு மேலாகப் போய்விடும். கடைசி நூற்றைம்பது, இருநூறு கஜத் தூரம் கப்பல் குருடு. ஆழக்குண்டுகள் கப்பலின் பின்னாலிருந்து விழும், அதற்குள் நீர்மூழ்கி திரும்பிவிடும். இதனால்தான் ஹெட்ஜ்ஹொக் வந்தது. ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்போதே 24 சிறு குண்டுகளை முன்னால் எறிவது. தொட்டால்தான் வெடிக்கும். தொடாவிட்டால் கடல் கலங்காது, ஒலித் தொடர்பும் அறாது. பிந்திய கொர்வெட்டுகளில் இது இருந்தது.

ஏப்ரல் 20

"போரை வென்றது விமானங்களும் சங்கேதம் உடைத்தவர்களும்தான், கொர்வெட் அல்ல" என்கிறவருக்கு: பெருமளவு உடன்படுகிறேன். ஆனால் சங்கேதம் உடைத்துத் தொடரணியைத் திசை திருப்ப முதலில் தொடரணி என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 1940இலும் 41இலும் அதைக் காவல்காத்து ஓடவைத்தது யார்?

1943 மே மாதத்து ஓஎன்எஸ் 5 தொடரணியையும் பாருங்கள். கமாண்டர் பீற்றர் கிரெட்டனின் காவல் குழு. புயலில் எண்ணெய் நிரப்ப முடியாமல் அவருடைய நாசகாரி டங்கன் எரிபொருள் தீர்ந்து விலக வேண்டியதாயிற்று. வேகமான நாசகாரிகள் வேறு சிலவும் அப்படி விலகின. கடைசிவரை நின்றவற்றில் சன்ஃபிளவர், ஸ்னோஃபிளேக், லூஸ்ஸ்ட்ரைஃப், பிங்க் என்ற கொர்வெட்டுகள் இருந்தன. பதின்மூன்று சரக்குக் கப்பல்கள் மூழ்கின. மே 5 இரவு மூடுபனி இறங்கியது. 271 ராடார் உள்ளவனுக்கு மூடுபனி பகல், இல்லாதவனுக்கு இருள். அந்தச் சமரில் ஜேர்மனி ஆறு நீர்மூழ்கிகளை இழந்தது. அந்த மாதம் முழுவதும் 40க்கு மேல். மே 24 அன்று ஜேர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் வட அத்திலாந்திக்கிலிருந்து தன் நீர்மூழ்கிகளை விலக்கிக்கொண்டார்.

தம்பி, உங்கள் "16 கடல் மைல்" கேள்விக்கு அந்தத் தொடரணியில் இன்னொரு பதிலும் இருக்கிறது. சிக்கனமாக ஓடும் எஞ்சின் புயலில் நின்றது. வேகமான எஞ்சின் எண்ணெயைக் குடித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனது.

அதற்கு இரண்டு மாதம் முன், 1943 மார்ச் 11, சுதந்திர பிரெஞ்சு மாலுமிகள் ஓட்டிய அக்கோனிட் என்ற கொர்வெட். தொடரணித் தலைமை நாசகாரி ஹார்வெஸ்டர் யூ-444ஐ மோதித் தானும் முடமானது. அக்கோனிட் வந்து யூ-444ஐ முடித்தது. பிறகு யூ-432 அசையாமல் நின்ற ஹார்வெஸ்டரைச் சுட்டு மூழ்கடித்தது. அக்கோனிட் திரும்பி வந்து அந்த யூ-432ஐயும் முடித்தது. ஒரே நாளில் இரண்டு. தங்கள் நாடே ஜேர்மனியர் கையில் இருந்தவர்கள் ஓட்டிய கப்பல் அது.

மே 5

இன்று அத்திலாந்திக் போர் நினைவு ஞாயிறு. கனடாவில் மே மாதத்து முதல் ஞாயிறு. நான்கு வாரமாக இந்த இழையில் கொர்வெட்டுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன். வாதத்தின் மறுபக்கத்தையும் நானே எழுதவேண்டும் என்று தோன்றியது.

சின்ன உடம்பு. ஒரு டோர்பிடோ பட்டால் போதும். நாசகாரிகள் சில, மூக்கு போயும் வால் போயும் துறைமுகம் சேர்ந்தன. கொர்வெட்டுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. கிளேடியோலஸ்தான் இந்த வகையில் முதலில் பணிக்கு வந்த கப்பல். 1941 அக்டோபரில் ஒருவர்கூட மிஞ்சாமல் போயிற்று. ஸ்பைக்னார்ட் 1942 பெப்ரவரி 10 இரவு. அதே நேரத்தில் தொடரணியில் இன்னொரு கப்பலும் அடிபட்டதால் காவல் கப்பல் போனதையே யாரும் கவனிக்கவில்லை. விடிந்த பிறகு தேடினார்கள். எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஷவினிகன் 1944 நவம்பரில், 91 பேர், ஒருவரும் இல்லை. புளூபெல் 1945 பெப்ரவரியில், போர் முடிய மூன்று மாதம் இருக்கும்போது, ரஷ்யாவின் கோலா வாசலில். ஒருவர் பிழைத்தார்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. கப்பல் மூழ்கும்போது பின்தளத்து ஆழக்குண்டுகள் பாதுகாப்பு நிலையில் வைக்கப்படாமல் இருந்தால் குறிப்பிட்ட ஆழம் போனதும் வெடிக்கும். மேலே நீந்திக்கொண்டிருப்பவர்களின் வயிற்றை அந்த அதிர்ச்சி சிதைத்துவிடும். சார்லட்டவுனில் 1942இல் அப்படி நடந்தது. அடுத்த வருடம் ஜிப்ரால்டருக்குப் பக்கத்தில் வேபர்னிலும். கப்பலிலிருந்து தப்பியவர்களைத் தங்கள் சொந்தக் குண்டே கொன்றது.

ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் சாக்வில் நிற்கிறது. அத்தனை கொர்வெட்டுகளிலும் எஞ்சிய ஒன்று. மகளோடு போனபோது அணியத்து வசிப்பிடத்தில் நின்றேன். கூரைக் குழாயில் தலை இடித்தது. துறைமுகத்தில் கட்டி நின்ற கப்பல், கோடை வெயில், காய்ந்த தளம். ஆனாலும் அந்த இடத்தில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது மகள் என்னைப் பார்த்தாள். "கட்டக்கூடியதாக வரைந்தார்" என்று நான் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் விலை கொடுத்தவர்கள் அங்கே தூங்கியவர்கள். ரீட்டின் முடிவு சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் இலேசாகச் சொல்ல முடியவில்லை.

மே 7

ஸ்பைக்னார்ட் பற்றி மேலும் கேட்டவர்களுக்கு: நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் காவல் கப்பல் அதிகாரிகளுக்கென்று ஒரு கிளப் 1942 தொடக்கத்தில் திறந்தது. குரோஸ் நெஸ்ட் என்று பெயர். செங்குத்தான படிகள் ஏறிப் போகவேண்டும். ஸ்பைக்னார்டின் தளபதி அங்கே தரையில் ஒரு பெரிய ஆணியை அடித்தார், சில நாளில் கப்பல் போய்விட்டது. அந்த ஆணியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம்.

மே 11

கடைசியாக ஏன் இரண்டு எஞ்சின் வைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. வைத்தார்கள். அதே வில்லியம் ரீட், அதே மும்முறை விரிவு எஞ்சின், இரண்டாக. உடம்பு 301 அடி, வேகம் 20 கடல் மைல். ரிவர் வகை ஃபிரிகேட் என்று பெயர். 1942இல்தான் முதல் கப்பல் வந்தது. நடுக்கடலுக்கென்றே வரைந்ததால் மாலுமிகளுக்கும் ஓரளவு மனிதர் வாழும் இடம் கிடைத்தது. பெரிய பட்டறைகள் அதற்கு மாறின. சின்னப் பட்டறைகள் கொர்வெட்டையே திருத்தித் தொடர்ந்து கட்டின.

உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. 20 கடல் மைல் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். 1940இல் அது கிடைக்காது என்பதும் தெரியும்.

மே 12

எங்கள் கரைக்கு வருகிறேன். நான் கல்குடாப் பக்கத்தவன்.

1942 ஏப்ரல் 9. ஜப்பானியக் கடற்படை திருகோணமலையைத் தாக்கப் போகிறது என்று தெரிந்து முந்தின இரவே துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் தன் விமானங்கள் இல்லாமல், அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயர் துணையோடு தெற்கே போனது. காலையில் ஜப்பானிய வேவு விமானம் கண்டுபிடித்தது, மட்டக்களப்புக்கு அப்பால் பாய்குண்டு விமானங்கள் வந்து தாக்கின. ஹேர்மிஸும் வம்பயரும் மூழ்கியது பலருக்குத் தெரியும். மருத்துவக் கப்பல் வீட்டா வந்து நூற்றுக்கணக்கானவர்களை மீட்டது.

அதே நாள் அதே கடலில் அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலும் அதற்குக் காவலாக ஹொலிஹொக் என்ற ஃபிளவர் வகைக் கொர்வெட்டும் இருந்தன. இரண்டும் மூழ்கின. ஹொலிஹொக்கின் வெடிமருந்து அறை வெடித்துக் கப்பல் கணத்தில் போயிற்று. 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்த 4 அங்குலப் பீரங்கி நீர்மேல் வரும் நீர்மூழ்கியைச் சுடுவதற்கு. வானத்தை நோக்கி நிமிராது. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றையே சில நிமிடத்தில் மூழ்கடித்த விமானிகளுக்கு எதிரே, சிறு துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு ஹொலிஹொக்கால் என்ன செய்திருக்க முடியும்? ஒரு வேலைக்கென்று வரைந்த கப்பலை வேறு வேலையின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் இதுதான் நடக்கும். மேலே நான் பாராட்டிய அதே எளிமைக்கு இங்கே வேறு முகம்.

மே 18

இந்தியாவைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 1944 பெப்ரவரியில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆர்ஓ-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்த ஜம்னா ஃபிளவர் வகையல்ல, அது சுலூப் என்ற வேறு வகைக் காவல் கப்பல். கூட இருந்த அவுஸ்திரேலியக் கப்பல்கள் இரண்டும் பாத்தர்ஸ்ட் வகை. இவற்றை ஃபிளவர் வகையோடு குழப்பவேண்டாம். ஃபிளவர் வகையில் நான்கு இந்தியக் கடற்படைக்குப் போர் முடியும் காலத்தில் வந்தன: அசாம், சிந்து, மராட்டா, கோண்ட்வானா. சிந்துவும் கோண்ட்வானாவும் பிறகு தாய்லாந்துக்குப் போயின. சிந்து பிரசே என்ற புதுப் பெயரோடு கொரியப் போருக்குப் போய் 1951 ஜனவரிப் பனிப்புயலில் கரை தட்டி அங்கேயே முடிந்தது.

ஜூன் 2

மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, கல்குடா, கதிரவெளிப் பக்கத்து ஆட்கள் இந்த இழையைப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹேர்மிஸைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஹொலிஹொக்கைப் பற்றி எங்கள் கரையிலிருந்து பார்த்தவர்களின் சொல்லாக எதையும் நான் வாசித்ததில்லை. என் அம்மம்மா அந்தக் காலையைப் பற்றிச் சொன்னது சத்தம் மட்டும்தான். மேகமில்லாத நாளில் இடி. ஆடுகளை உள்ளே கட்டினார்களாம். உங்கள் வீட்டில் யாராவது அதைவிட அதிகமாகச் சொல்லியிருந்தால், கடலில் என்ன கண்டார்கள், எந்தத் துறையிலிருந்து கண்டார்கள் என்று ஊர்ப் பெயரோடு இங்கே எழுதுங்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வலை சிக்கும் இடங்களையும் எழுதலாம். கரையிலிருந்து எவ்வளவு நேர ஓட்டம், எத்தனை பாகம் ஆழம் என்று தெரிந்தால் அதையும் சேருங்கள்.